பெஸ்ஸி கோல்மன்

பெஸ்ஸி கோல்மன் (எலிசபெத் கோல்மன், ஜனவரி 26, 1892 – ஏப்ரல் 30, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விமானியும் வான்சாகசக் கலைஞரும் ஆவார். விமானி உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இவரே. தந்தை வழியில் அமெரிக்கப் பழங்குடி மரபையும் கொண்டிருந்ததால், அம்மரபினருள் விமானி உரிமம் பெற்ற முதல் பெண்ணாகவும் இவர் கருதப்படுகிறார். தம் தாய்நாட்டில் கருப்பினப் பெண் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் முன்வராததால், பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொண்டு பிரான்சுக்குச் சென்றார். அங்கே பத்து மாதப் பயிற்சியை ஏழு மாதங்களில் முடித்து, 1921 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாள் உரிமம் பெற்றார். கருப்பின மக்களுக்கென ஒரு விமானப் பள்ளியை நிறுவுவதே இவரது வாழ்நாள் நோக்கமாக இருந்தது. அது நிறைவேறும் முன்னரே, தமது 34 ஆவது வயதில் வானூர்தி விபத்தில் இறந்தார்.

இளமைக்காலம்

பெஸ்ஸி கோல்மன் டெக்சாஸ் மாநிலத்தின் அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டா வேறு; இவ்வூர் வேறு. இவரது பெற்றோர் ஜார்ஜ் கோல்மன், சூசன் கோல்மன் ஆகியோர். பதின்மூன்று குழந்தைகளுள் இவர் பத்தாவதாகப் பிறந்தவர். இவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் அதே மாநிலத்தின் வாக்சஹாச்சி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அது பருத்தி விளையும் பகுதி. அங்கே குடும்பத்தினர் கூலிக்குப் பருத்தி எடுத்து வாழ்ந்தனர்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இனவொதுக்கல் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. பள்ளி, தொடருந்து, உணவகம், வாக்குரிமை என அனைத்திலும் கருப்பின மக்கள் பிரித்து ஒதுக்கப்பட்டனர். பெஸ்ஸி நாள்தோறும் நான்கு மைல் நடந்து, கருப்பினக் குழந்தைகளுக்கென இருந்த ஓரறைப் பள்ளியில் படித்தார். கணக்கில் சிறந்து விளங்கினார். ஆண்டுதோறும் பருத்தி அறுவடைக் காலம் வந்தபோது பள்ளி மூடப்பட்டது. குழந்தைகளும் பெற்றோருடன் வயலுக்குச் சென்றனர்.

1901 ஆம் ஆண்டில் தந்தை ஜார்ஜ், டெக்சாசில் நிலவிய இனப்பாகுபாட்டைத் தாங்க இயலாமல் ஒக்லகோமா பகுதிக்குச் சென்றார். தாயார் சூசன் அவருடன் செல்லவில்லை. வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து குழந்தைகளை வளர்த்தார். பெஸ்ஸி துணி வெளுத்தும் பருத்தி எடுத்தும் ஈட்டிய பணத்தைச் சேமித்து, 1910 ஆம் ஆண்டில் ஒக்லகோமா மாநிலம் லாங்ஸ்டன் நகரில் கருப்பின மாணவர்களுக்கென இருந்த கல்லூரியில் சேர்ந்தார். இக்கல்லூரி பின்னர் லாங்ஸ்டன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. கையிலிருந்த பணம் ஒரு பருவத்துக்கே போதுமானதாக இருந்தது. அது தீர்ந்ததும் வாக்சஹாச்சிக்குத் திரும்பி மீண்டும் துணி வெளுக்கும் வேலையைச் செய்தார். பணம் இல்லாமல் கல்வி பாதியில் நின்ற இந்த அனுபவம், பின்னாளில் விமானப் பயிற்சிக்கு அவர் ஆயத்தம் செய்த முறையில் தெரிகிறது.

சிகாகோ வாழ்க்கை

1915 ஆம் ஆண்டளவில் பெஸ்ஸி சிகாகோ நகருக்குச் சென்று தம் சகோதரர்களுடன் தங்கினார். தென்மாநிலங்களின் கருப்பின மக்கள் வேலையும் பாதுகாப்பும் தேடி வடக்கு நகரங்களுக்குப் பெருமளவில் இடம்பெயர்ந்த காலம் அது. அவர் நகங்களைச் செம்மைப்படுத்தி அழகூட்டும் தொழிலைக் கற்று, நகரின் தெற்குப் பகுதியில் உள்ள ஒயிட் சாக்ஸ் முடிதிருத்தகத்தில் பணிபுரிந்தார். 1917 ஆம் ஆண்டில் கிளாட் கிளென் என்பவரை மணந்தார். எனினும் இத்திருமணத்தைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசவில்லை.

முதல் உலகப் போரின்போது அவரது சகோதரர்கள் வால்டர், ஜான் ஆகியோர் பிரான்சில் படைப்பணி ஆற்றித் திரும்பினர். முடிதிருத்தகத்துக்கு வந்தவர்களும் போர்க்கால விமானிகளைப் பற்றிப் பேசினர். பிரான்சில் பெண்கள் வானூர்தி ஓட்டுவதைச் சுட்டிக்காட்டி, அது சிகாகோவின் கருப்பினப் பெண்களால் இயலாத செயல் என ஜான் ஒரு நாள் தங்கையைக் கேலி செய்ததாகவும், அதன் பிறகே அவர் விமானியாக வேண்டும் என உறுதி கொண்டதாகவும் கூறப்படுகிறது.

பயிற்சிப் பள்ளியைத் தேடுதல்

பெண்கள் வானூர்தி ஓட்டுவது அப்போது புதிதன்று. பிரான்சின் ரேமோந்த் தெ லாரோச் 1910 ஆம் ஆண்டிலேயே விமானி உரிமம் பெற்றிருந்தார். அமெரிக்காவில் ஹாரியட் குவிம்பி 1911 ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் டெக்சாசின் சான் அன்டோனியோ நகரில் ஸ்டின்சன் குடும்பத்தினர் விமானப் பள்ளி ஒன்றை நடத்தினர். அக்குடும்பத்துப் பெண்ணான மார்ஜரி ஸ்டின்சன் அங்கே ஆண்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் இவர்கள் யாவரும் வெள்ளையினத்தவர். பெஸ்ஸி அணுகிய பள்ளிகளும் பயிற்றுநர்களும் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். அவர் பெண் என்பதும் கருப்பினத்தவர் என்பதும் ஒருசேரத் தடையாக இருந்தன.

கருப்பினத்தைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவர் இதற்கு முன் விமானியானது பிரான்சில்தான். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த யூஜின் புல்லார்ட் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1917 ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே விமானி உரிமம் பெற்றுப் போரில் பறந்தார். அமெரிக்கா போரில் இறங்கிய பின் தம் நாட்டு வான்படையில் சேர விண்ணப்பித்தும் அவர் ஏற்கப்படவில்லை.

பெஸ்ஸி, சிகாகோ டிபென்டர் என்னும் வார இதழை நிறுவிய ராபர்ட் எஸ். அபோட்டிடம் ஆலோசனை கேட்டார். நாடு முழுவதிலும் கருப்பின மக்களால் படிக்கப்பட்ட இதழ் அது. அபோட் அவரைப் பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். அதற்கு முதலில் பிரெஞ்சு மொழியைக் கற்க வேண்டும், பயணத்துக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் பணம் சேர்க்க வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார்.

பெஸ்ஸி சிகாகோவில் பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் பிரெஞ்சு கற்றார். கூடுதல் ஊதியத்துக்காக உணவகம் ஒன்றில் மேலாளராகப் பணிபுரிந்தார். அபோட்டும், கருப்பின வங்கியாளரான ஜெஸ்ஸி பிங்காவும் பொருளுதவி செய்தனர். 1920 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து இம்பரேட்டர் என்னும் கப்பலில் பிரான்சுக்குப் புறப்பட்டார்.

பிரான்சைத் தேர்ந்தெடுத்ததில் மற்றொரு பயனும் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்காவில் வானூர்தி ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்னும் நாடளாவிய சட்டம் இல்லை. அத்தகைய சட்டம் 1926 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே இயற்றப்பட்டது. எனினும் 1905 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பன்னாட்டு வான்பறப்புக் கூட்டமைப்பின் உரிமம் பல நாடுகளில் மதிக்கப்பட்டது. பிரான்சில் பயிற்சி பெற்றுத் தேர்வில் வெல்பவருக்கு அவ்வுரிமம் கிடைத்தது. தம் திறனை ஐயுறும் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒருவருக்கு, மறுக்க இயலாத சான்றாக அது பயன்படக்கூடியதாக இருந்தது.

கோத்ரோன் பள்ளி

பிரான்சிலும் முதல் முயற்சி பலிக்கவில்லை. பாரிசில் அவர் அணுகிய பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. இங்கே காரணம் நிறமன்று. பயிற்சியின்போது இரண்டு பெண்கள் இறந்ததால் அப்பள்ளி பெண்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது.

அடுத்து அவர் தேர்ந்தெடுத்தது கோத்ரோன் சகோதரர்களின் விமானப் பள்ளி. வட பிரான்சில் சொம் ஆறு கடலில் கலக்கும் விரிகுடாவின் கரையில், லெ குரொத்துவா என்னும் சிற்றூரில் அது இயங்கியது. காஸ்தோன், ரெனே ஆகிய கோத்ரோன் சகோதரர்கள் பிரான்சின் முன்னோடி வானூர்தி உருவாக்குநர்கள். மூத்தவரான காஸ்தோன் 1915 ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தில் இறந்த பின், ரெனே நிறுவனத்தை நடத்திவந்தார். அகன்ற மணற்கரை கொண்ட அவ்விடம் பறக்கவும் தரையிறங்கவும் ஏற்றதாக இருந்தது.

அப்பள்ளி பெண்களுக்கும் பயிற்சி அளித்தது. பெஸ்ஸிக்குச் சற்று முன்னர் ஆத்ரியென் பொலான் என்னும் பிரெஞ்சுப் பெண் அங்கே பயின்று 1920 ஆம் ஆண்டு ஜனவரியில் உரிமம் பெற்றிருந்தார். பெஸ்ஸி அங்கே பயின்றுகொண்டிருந்தபோதே, 1921 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள், பொலான் கோத்ரோன் வானூர்தி ஒன்றில் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்து உலகப் புகழ் பெற்றார்.

பயிற்சி

பள்ளியின் பயிற்சிக் காலம் பத்து மாதங்கள். பெஸ்ஸி அதனை ஏழு மாதங்களில் முடித்தார். நாள்தோறும் ஒன்பது மைல் நடந்து பயிற்சித் திடலுக்குச் சென்றுவந்ததாக அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

அவர் பயின்றது நியூபோர்ட் 82 வகைப் பயிற்சி வானூர்தியில். மரச் சட்டகத்தின் மீது துணி போர்த்திய இரட்டை இறக்கை வானூர்தி அது. நீளம் ஏறத்தாழ 27 அடி. மாணவர், பயிற்றுநர் ஆகிய இருவரும் கூரையற்ற இருக்கைகளில் முன்னும் பின்னுமாக அமர்ந்தனர். இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்தன. கையால் இயக்கும் தண்டு ஒன்று வானூர்தியின் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் கட்டுப்படுத்தியது. காலால் தள்ளும் கட்டை ஒன்று வால்பகுதிச் சுக்கானைத் திருப்பியது. பொறியின் இரைச்சலில் பேச்சு கேளாது. ஆகையால் பயிற்றுநர் தம் தண்டையும் கட்டையையும் அசைக்கும்போது மாணவரின் கருவிகளும் உடன் அசைவதைக் கவனித்தே கற்க வேண்டியிருந்தது. அக்காலச் சுழல்பொறிகளுக்கு ஆமணக்கு எண்ணெய் மசகாகப் பயன்பட்டது. அது பறப்பவரின் முகத்திலும் உடையிலும் தெறிப்பது வழக்கம். சக்கரங்களுக்குத் தடுப்பு கிடையாது. தரையிறங்கிய பின் வாலின் அடியில் இருந்த சறுக்குக்கட்டை மண்ணில் உரசியே வானூர்தி நின்றது.

இவ்வகை வானூர்திகள் எளிதில் பழுதாகக் கூடியவை. ஆகவே ஒவ்வொரு முறை பறக்கும் முன்னரும் இறக்கைகள், தாங்குகட்டைகள், இழுகம்பிகள், காற்றாடி ஆகியவற்றைச் சோதிப்பது பயிற்சியின் முதற்பாடமாக இருந்தது. பெஸ்ஸி பயின்ற காலத்தில் சக மாணவர் ஒருவர் விபத்தில் இறந்ததை நேரில் கண்டார். அது தமக்குப் பெரும் அதிர்ச்சியாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. எனினும் பயிற்சியைத் தொடர்ந்தார். சாய்ந்து திரும்புதல், சுழன்று வீழும் வானூர்தியை மீட்டல், வானில் கரணம் அடித்தல் ஆகியவற்றையும் கற்றார்.

உரிமத் தேர்வில் குறித்த தொலைவைச் சுற்றிப் பறத்தல், எட்டு என்னும் எண் வடிவில் வளைந்து பறத்தல், பொறியை நிறுத்திவிட்டுக் குறித்த இடத்துக்கு அருகே தரையிறங்குதல் ஆகியவை இடம்பெற்றன. 1921 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆம் நாள் பெஸ்ஸிக்குப் பன்னாட்டு வான்பறப்புக் கூட்டமைப்பின் உரிமம் வழங்கப்பட்டது. அதன் எண் 18310. அதில் அவரது பிறந்த ஆண்டு 1896 எனப் பதிவாகியுள்ளது. உண்மையில் அவருக்கு அப்போது வயது 29.

மேற்பயிற்சி

உரிமம் பெற்ற பின் பாரிசுக்கு அருகே போர்க்கால விமானி ஒருவரிடம் இரண்டு மாதங்கள் கூடுதல் பயிற்சி பெற்றார். 1921 ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் திரும்பியபோது செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்தனர். ஷஃபிள் அலாங் என்னும் புகழ்பெற்ற இசை நாடகத்தைக் காணச் சென்றபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று பாராட்டினர். நாடகக் குழுவினர் வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தனர்.

புகழ் கிடைத்ததேயன்றி வருவாய்க்கு வழி பிறக்கவில்லை. பயணிகள் வானூர்திச் சேவை அப்போது வளர்ந்திருக்கவில்லை. விமானி ஒருவர் பிழைக்க வேண்டுமானால், ஊர் ஊராகச் சென்று மக்கள் முன் வான்சாகசங்கள் நிகழ்த்துவதே முதன்மையான வழியாக இருந்தது. அதற்கு உரிமத் தேர்வுக்கான பயிற்சி போதாது. சிகாகோவில் இக்கலையைக் கற்றுத்தர எவரும் முன்வராததால், 1922 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் ஐரோப்பாவுக்குச் சென்றார். பிரான்சில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மேற்பயிற்சி பெற்றார். பின்னர் நெதர்லாந்தில் புகழ்பெற்ற வானூர்தி வடிவமைப்பாளர் அந்தோனி பொக்கரைச் சந்தித்தார். ஜெர்மனியில் பொக்கர் நிறுவனத்தின் தலைமை விமானிகளுள் ஒருவரிடம் பயிற்சி பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு திரும்பினார்.

வான்சாகச நிகழ்ச்சிகள்

1922 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் நியூயார்க்குக்கு அருகே லாங் தீவின் கர்டிஸ் திடலில் பெஸ்ஸி அமெரிக்க மக்கள் முன் முதன்முறையாகப் பறந்தார். முதல் உலகப் போரில் பங்கேற்ற 369 ஆவது கருப்பினக் காலாட்படைப் பிரிவினரைச் சிறப்பிக்க அந்நிகழ்ச்சி நடத்தப்பட்டது. அபோட்டின் இதழ் அதற்கு ஆதரவளித்தது. ஆறு வாரங்களுக்குப் பின் சிகாகோவில் நிகழ்த்திய காட்சியில், எட்டு வடிவங்களும் கரணங்களும் தரையை ஒட்டிய பாய்ச்சல்களும் இடம்பெற்றன. மக்கள் அவரை ராணி பெஸ் என்றும் துணிச்சல்கார பெஸ்ஸி என்றும் அழைத்தனர்.

இக்காலத்தில் கருப்பினத்தவரின் திரைப்பட நிறுவனம் ஒன்று அவரைக் கதாநாயகியாகக் கொண்டு படமெடுக்க முன்வந்தது. பள்ளி அமைக்கப் பணம் கிடைக்கும் என எண்ணி அவர் ஒப்புக்கொண்டார். முதற்காட்சியில் கந்தல் உடையுடன், கையில் தடியும் முதுகில் மூட்டையுமாக நகருக்கு வரும் நாட்டுப்புறப் பெண்ணாகத் தோன்ற வேண்டும் என அறிந்ததும் விலகினார். கருப்பின மக்களை இழிவாகக் காட்டும் வழக்கமான சித்தரிப்புக்குத் துணைபோக அவர் விரும்பவில்லை. இம்முடிவால் ஆதரவாளர்கள் சிலரையும் அவர் இழக்க நேர்ந்தது.

1923 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் போர்க்காலத்து மிகுபொருளாக விற்கப்பட்ட கர்டிஸ் ஜேஎன்-4 வகை வானூர்தி ஒன்றை வாங்கினார். ஜென்னி எனப் பரவலாக அழைக்கப்பட்ட இவ்வகை வானூர்தி அக்காலத்தில் மலிவாகக் கிடைத்தது. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நிகழ்ச்சிக்காகப் புறப்பட்டபோது பொறி நின்று வானூர்தி கீழே விழுந்தது. பெஸ்ஸியின் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. வானூர்தி முற்றிலும் அழிந்தது. குணமடையப் பல மாதங்கள் பிடித்தன. சேர்த்த பணமும் கரைந்தது. அதன் பின் இரண்டு ஆண்டுகள் அவருக்குப் பறக்கும் வாய்ப்புகள் அரிதாகவே கிடைத்தன.

1925 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள் டெக்சாசின் ஹூஸ்டன் நகரில் மீண்டும் பறந்தார். டெக்சாசில் அடிமைகள் 1865 ஆம் ஆண்டில் விடுதலை பெற்றதை அம்மாநிலக் கருப்பின மக்கள் கொண்டாடும் நாள் அது. நிகழ்ச்சிக்குப் பின் மக்கள் பயணிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் பலர், சிறப்பாகப் பெண்கள், வாழ்வில் முதன்முறையாக நகரை வானிலிருந்து கண்டனர்.

தாம் வளர்ந்த வாக்சஹாச்சியில் நிகழ்ச்சிக்கு ஏற்பாடானபோது, வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் தனித்தனி நுழைவாயில்கள் அமைக்கப்படுவதை அறிந்து பறக்க மறுத்தார். இறுதியில் அனைவரும் ஒரே வாயில் வழியாக நுழைய ஒப்புக்கொள்ளப்பட்டது. உள்ளே இருக்கைகள் பிரிக்கப்பட்டே இருந்தன.

பள்ளி அமைக்கும் முயற்சி

பெஸ்ஸி வான்சாகசத்தைத் தம் இறுதி இலக்காகக் கொண்டதில்லை. தாம் கற்பதற்காகக் கடல் கடந்து செல்ல நேர்ந்த நிலை அடுத்தவருக்கு வரக்கூடாது என்பதும், நிறமும் பாலினமும் தடையாகாத பள்ளி ஒன்றைத் தம் நாட்டிலேயே அமைக்க வேண்டும் என்பதும் அவரது எண்ணமாக இருந்தன. தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் திரையரங்குகளிலும் உரையாற்றினார். ஐரோப்பாவில் தாம் பறந்தபோது எடுக்கப்பட்ட படக்காட்சிகளைத் திரையிட்டுக் காட்டினார்.

பள்ளிக்கு முதல் தேவை வானூர்தி. நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இரவல் வானூர்திகளையே ஓட்டிவந்த அவர், டல்லாஸ் நகரில் பழைய ஜென்னி ஒன்றுக்குச் சிறிது சிறிதாகப் பணம் செலுத்திவந்தார். புளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோவில் அழகுநிலையம் ஒன்றைத் திறந்து வருவாய் தேடினார். அங்கே செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் பீமன் என்பவர் மீதித் தொகையைச் செலுத்த உதவினார்.

இறப்பு

1926 ஆம் ஆண்டு மே 1 ஆம் நாள் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் நிகழ்ச்சி ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. பெஸ்ஸியின் பொறிவினைஞரான வில்லியம் வில்ஸ் டல்லாசிலிருந்து வானூர்தியை ஓட்டிவந்தார். வழியில் பொறிக்கோளாறு காரணமாகச் சில இடங்களில் இறங்க வேண்டியிருந்தது. வானூர்தியின் நிலையைக் கண்ட நண்பர்கள் அதில் பறக்க வேண்டாம் எனத் தடுத்ததாகக் கூறப்படுகிறது.

ஏப்ரல் 30 ஆம் நாள் காலை இருவரும் ஒத்திகைக்காகப் பறந்தனர். வில்ஸ் வானூர்தியை ஓட்டினார். மறுநாள் வான்குடையுடன் குதிப்பதற்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுக்க, பெஸ்ஸி விளிம்பின் மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் இருக்கைப் பட்டையை அணியவில்லை. வான்குடையும் அணிந்திருக்கவில்லை. புறப்பட்டுச் சுமார் பத்து நிமிடங்களில் வானூர்தி திடீரெனத் தலைகீழாகப் பாய்ந்து சுழன்றது. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். வில்சும் வானூர்தியுடன் தரையில் மோதி இறந்தார். சிதைவுகள் தீப்பற்றி எரிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, பழுது பார்க்கப் பயன்படும் ஸ்பேனர் ஒன்று கட்டுப்பாட்டு அமைப்பில் சிக்கியிருந்தது தெரியவந்தது.

வெள்ளையரின் நாளிதழ்கள் பல வில்சின் மரணத்துக்கே முதன்மை அளித்தன. கருப்பினத்தவரின் இதழ்கள் பெஸ்ஸியின் மறைவை முதற்பக்கச் செய்தியாக வெளியிட்டன. ஜாக்சன்வில், ஒர்லாண்டோ ஆகிய நகரங்களில் இரங்கல் வழிபாடுகளுக்குப் பின் அவரது உடல் சிகாகோவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அஞ்சலி செலுத்தினர். இதழாளரும் உரிமைப் போராளியுமான ஐடா பி. வெல்ஸ் அங்கு நடந்த நிகழ்வுக்குத் தலைமை தாங்கினார். பெஸ்ஸியின் உடல் சிகாகோ லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

பெஸ்ஸி விரும்பிய பணியை அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்தனர். வில்லியம் ஜே. பவல் என்பவர் 1929 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலசில் பெஸ்ஸி கோல்மன் வான்பறப்புக் கழகத்தை நிறுவிக் கருப்பின ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார். 1934 ஆம் ஆண்டில் தாம் எழுதிய பிளாக் விங்ஸ் என்னும் நூலைப் பெஸ்ஸிக்குக் காணிக்கையாக்கினார்.

சிகாகோவில் கொர்னீலியஸ் காபி, ஜான் சி. ராபின்சன் ஆகிய இரு பொறிவினைஞர்கள் வானூர்திப் பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பித்து ஏற்கப்பட்டனர். நேரில் சென்றபோது நிறத்தைக் கண்டு பள்ளி மறுத்தது. வழக்குத் தொடரப்படும் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரே சேர்த்துக்கொண்டது. இருவரும் 1931 ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்று, கருப்பின மாணவர்களுக்குப் பயிற்றுநர்களாகவும் ஆயினர். பின்னர் காபியும், 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலேயே உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான வில்லா பிரவுனும் சிகாகோ அருகே காபி விமானப் பள்ளியை நடத்தினர். இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்க அரசு குறுகிய காலத்தில் பெருந்தொகையான விமானிகளை உருவாக்கத் தொடங்கிய குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தில் இப்பள்ளியும் இடம்பெற்றது. இங்கே பயின்றவர்களுள் சிலர் டஸ்கிகீ விமானிகள் எனப் புகழ்பெற்ற கருப்பினப் போர் விமானிகளாயினர்.

நினைவுகூரல்

1931 ஆம் ஆண்டில் சிகாகோவின் கருப்பின விமானிகள் பெஸ்ஸியின் கல்லறைக்கு மேல் பறந்து மலர் தூவும் வழக்கத்தைத் தொடங்கினர். 1977 ஆம் ஆண்டில் கருப்பினப் பெண் விமானிகள் அவரது பெயரில் சங்கம் ஒன்றை அமைத்தனர். சிகாகோவின் ஓஹேர் பன்னாட்டு வானூர்தி நிலையச் சாலை ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 1992 ஆம் ஆண்டில் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான மே ஜெமிசன், பெஸ்ஸியின் ஒளிப்படத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார். 1995 ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அவரது அஞ்சல்தலையை வெளியிட்டது. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வான்பறப்புப் புகழ்மாடத்தில் அவர் சேர்க்கப்பட்டார்.

2023 ஆம் ஆண்டில் அமெரிக்க நாணயச் சாலை, சிறந்த பெண்களைப் போற்றும் வரிசையில், அவரது உருவம் பொறித்த கால் டாலர் நாணயத்தை வெளியிட்டது. அந்நாணயத்தில் அவரது பிறந்த நாளோ இறந்த நாளோ இல்லை. அவர் உரிமம் பெற்ற 1921 ஜூன் 15 என்னும் நாளே பொறிக்கப்பட்டுள்ளது.